பசும்பாலையில் ஒரு சத்திரம்

தமிழ் இலக்கண மரபில் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. நிலம் எதுவாயினும் பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிப் பிரிந்தவன் நடக்கும் நெடுவழியும், அவ்வழியின் நிழலின்மையும், ஆறலைப்போர் அச்சமும், வீட்டில் காத்திருப்போர் கண்ணீரும் சேர்ந்ததே பாலைத்திணை.

இவ்விலக்கணத்தின்படி நோக்கினால், ஆண்டெல்லாம் மழை பெய்யும் பேராக் மாநிலத்தின் பால்மரக் காடுகளையும் ஒரு பாலை என்றே கொள்ளல் வேண்டும். அவை பசுமை மாறாத பாலை. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வடார்க்காட்டிலும் மனைவி மக்களையும் பெற்றோரையும் விட்டுப் பிரிந்த பல்லாயிரவர் கூலி தேடி வந்து சேர்ந்த நிலம் அது.

மணற்பாலை நாடுகளில், வழிச்செல்வோர்க்குரிய விடுதி இன்றி ஊர் இல்லை. அரபு நாடுகளிலும் பாரசீகத்திலும் இராசபுதனத்திலும் ஒட்டகச் சாத்துகள் இறங்குவதற்கென ‘சராய்’ எனப்படும் தங்கல் மனைகள் எழுந்தன. ஒரு கிணறு, நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம், இரவில் அடைக்கப்படும் ஒரு வாயில் ஆகியவையே அவற்றின் அமைப்பு. நீர் வேட்கையோடு வந்தவனைத் திருப்பி அனுப்புதல் அங்கே கொலைக்கு ஒப்பாகும். பேராக்கின் பசும்பாலைக்கு வந்த தமிழனுக்கு அத்தகைய கூரை எங்கே கிடைத்தது? யார் அதனைக் கட்டினர்? யாருக்கு அது திறந்திருந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், ஒரு சமுதாயத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறே விடையாக விரியும்.

நள்ளிரவு மணி

வந்தவர்கள் விட்டு வந்த நாடு, விருந்தோம்பலைத் தனி மனிதனின் பண்பு என்ற அளவில் நிறுத்தாது ஊரார் அறமாகவும் வளர்த்த நாடு. மணிமேகலை அமுதசுரபி ஏந்திச் சென்று பசித்தோர்க்கு உணவிட்ட இடம், புகார் நகரின் பொதுவிடுதியாகிய உலகவறவி. முப்பத்திரண்டு அறங்கள் எனப் பிற்காலத்தார் தொகுத்த பட்டியலில் மடமும் தண்ணீர்ப் பந்தலும் இடம்பெற்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்ட மக்கள், துயரத்தைக் கூட வழிப்போக்கனின் தலைச்சுமை இறங்கும் இடமாக மாற்றியவர்கள்.

இவ்வறம் எவ்வளவு விரிவாக நடைபெற்றது என்பதற்குத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் சான்றாகும். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டு ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றுவிட்டது. நாடு இழந்த மன்னர், இராமேசுவரம் செல்லும் சாலையில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களை மட்டுமேனும் காத்தருள வேண்டும் என மன்றாடினார். அக்கடிதத்தில் அவர் விளக்கும் நடைமுறைகள் வியப்பூட்டுவன. அந்தணர் முதல் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கர்க்கும் சோறு வழங்கப்படும். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதார்க்கு அரிசியும் சம்பாரப் பொருள்களும் தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் உளராயின் வந்து உண்ணுமாறு அறிவிக்கப்படும். நோயுற்றாருக்கு மருத்துவர் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உணவும் எண்ணெய்க் குளியலும் கல்வியும் உண்டு. சூல் கொண்ட பெண்களுக்குப் பேறுகாலப் பேணல் உண்டு. வழியில் இறந்தாருக்கு அவரவர் மரபின்படி ஈமக்கடனும் உண்டு. மறு ஆண்டையொட்டி ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், அவ்வறத்தின் கற்சாட்சியாக இன்றும் நிற்கிறது.

ஒளியோடு நிழலையும் கூறுவதே வரலாற்றுக்கு அழகு. எல்லாச் சத்திரங்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தமிழகத்து வணிகர் பொருளில் எழுந்த காசிச் சத்திரம் ஒன்றில், அந்தணர் அல்லாதார் என்ற காரணத்தால் உணவு மறுக்கப்பட்டு, எச்சில் இலையில் எஞ்சியதை உண்ட இளைஞர் ஒருவரைப் பற்றித் தமிழுலகம் அறியும். 1904ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் அந்நிகழ்ச்சியின் நாயகர் ஈரோட்டு இராமசாமி. பின்னாளில் பெரியார் என அறியப்பட்ட அவருடைய அடிச்சுவடு ஈப்போவிலும் பதிந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கடல் கடந்த வழி

தமிழ்நாட்டிலிருந்து பேராக்குக்கு வந்த வழியில் முதல் தங்கல், நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ அமைந்திருந்த குடியேற்ற முகாம். 1907ஆம் ஆண்டில் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையால், கங்காணி திரட்டி வந்த ஆள்களுக்கு அங்கு இலவசமாக உணவும் உறைவிடமும் கிடைத்தன. ஆயினும் அதனைச் சத்திரம் எனல் பொருந்தாது. சத்திரத்துக்குள் நுழைபவன் தானே வருகிறான், தானே போகிறான். முகாமில் புகுந்தவனோ எண்ணப்பட்டான், உடல் சோதிக்கப்பட்டான், பெயர் பதியப்பட்டான், கப்பல் வரும்வரை காக்கப்பட்டான். சோறு ஒன்றேயாயினும் அதனை இட்ட நோக்கம் வேறு.

கப்பலின் தளம் இரண்டாவது தங்கல். 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கடலில் ஓடிய ‘ரஜூலா’வின் பெயரை அறியாத பழைய தோட்டக் குடும்பம் இராது. மூன்றாவது தங்கல், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு. அம்மையோ வாந்திபேதியோ பரவாதிருக்கும் பொருட்டுத் தளப் பயணிகள் அங்கே இறக்கப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டனர். தொழுநோயாளர்க்கென 1871ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்ட தீவும் அதுவே. புதிய நாட்டில் தமிழ்த் தொழிலாளி கழித்த முதல் இரவுகள், நோயாளர் தீவின் கொட்டகை இரவுகளாயின. அங்கிருந்து விடுபட்டவனைப் பிறையிலிருந்து புறப்படும் தொடர்வண்டி தைப்பிங்குக்கும் ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் சுமந்து சென்றது.

பேராக்கின் விடுதிகள்

1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் ஆதிக்கம் பேராக்கில் வேரூன்றியது. 1879ஆம் ஆண்டில் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி யானைமேல் ஏறிக் காடு கடந்து கோலகங்சார் சென்றார். ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோவின் மாளிகையே அவருக்கு விடுதியாயிற்று. வீட்டுக்குரியவர் ஊரில் இல்லாதபோது, அவர் வளர்த்த குரங்குகளோடு மேசையில் அமர்ந்து உணவருந்திய வேடிக்கையை அவர் தம் பயண நூலில் எழுதி வைத்தார். 1877ஆம் ஆண்டிலேயே கோலகங்சார் மண்ணில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. அக்கன்றுகளின் வழித்தோன்றல்களே பின்னர் தமிழர் வாழ்வை நிருணயித்தன.

சாலையும் இருப்புப் பாதையும் நீண்டபோது விடுதிகளும் பெருகின. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இந்நாட்டின் முதல் தொடர்வண்டி ஓடியது. மாவட்டத் தலைநகர்களில் அரசாங்கம் ‘ரெஸ்ட் ஹவுஸ்’ எனப்பட்ட பயணியர் மனைகளைக் கட்டியது. அகன்ற தாழ்வாரம், சாய்வு நாற்காலி, கொசுவலை, ஹைனான் சீனர் கைப்பக்குவத்தில் கோழிக்கறியும் ரொட்டியும் என அவற்றிற்கு ஒரு மாறாத இலக்கணம் இருந்தது. சுற்றுப்பயணம் செய்யும் அதிகாரியும் தோட்டத் துரையும் அங்கே தங்கினர். அம்மனைகளுக்கு இட்டுச் சென்ற சாலைகளில் கல் உடைத்தவருள் தமிழர் பலர். ஆயினும் அவற்றின் தாழ்வாரத்தில் அவர்கள் அமர்ந்ததில்லை.

இவ்வேறுபாட்டின் உச்சத்தை ஈப்போ தொடர்வண்டி நிலையத்தில் காணலாம். ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1917ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவ்வெண்ணிறக் கட்டடத்தின் மேல்தளம், பயணியர் தங்கும் ஹோட்டலாக நெடுங்காலம் விளங்கியது. மேலே கவிகைமாடங்களின் கீழ் ஐரோப்பியர் மது அருந்தி இளைப்பாறினர். கீழே மேடையில், தகரப் பெட்டியும் மூட்டையும் அணைத்தபடி தோட்டத்துக்குச் செல்வோரும் தோட்டம் விட்டுத் தாயகம் திரும்புவோரும் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தனர். அந்த ஹோட்டல் இந்நூற்றாண்டில் மூடப்பட்டுவிட்டது.

தமிழருள் தமக்கெனத் தங்குமிடம் அமைத்துக்கொள்ளும் வலிமை பெற்றிருந்தவர் நகரத்தாரே. சென்ற இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் தமக்குக் கிட்டங்கியும் அமைப்பது அவர்தம் வழக்கம். பினாங்குத் தண்ணீர்மலையில் 1857ஆம் ஆண்டில் கோயில் எழுந்தது. பின்னர் தைப்பிங், ஈப்போ, தெலுக் ஆன்சன் ஆகிய பேராக் நகரங்களிலும் அவர்தம் கோயில்கள் தோன்றின. கிட்டங்கி என்பது வாயில் குறுகி உள்நீண்ட கடைவீடு. அதன் இருமருங்கிலும் வெவ்வேறு விலாசத்தாரின் பெட்டகங்களும் சாய்வு மேசைகளும் வரிசையாக இருக்கும். பகலில் பேரேடு விரித்த இடத்திலேயே இரவில் பாய் விரிப்பர். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே சமையற்கட்டில் சமைத்த உணவை உண்பர். மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை மனைவி மக்களைக் காணாத வாழ்வு அது. பொருள் மிகுந்த நகரத்தாருக்கும் பிரிவு என்னும் பாலை விலக்கன்று. ஆயினும் அவர்களுக்குத் திரும்பும் நாள் தெரிந்திருந்தது. தங்குவதற்குத் தம்மவர் கூரை இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அவ்விரண்டும் இல்லை.

லயம் என்னும் தங்கல்

தோட்டத்தில் தொழிலாளி பெற்றது லயத்து அறை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளும், முன்புறம் நீண்ட தாழ்வாரமும், சற்று அப்பால் பொதுக் குழாயும் கழிப்பிடமுமே அதன் அமைப்பு. தொடக்க காலத்தில் சில தோட்டங்களில் சாதிவாரியாக லயங்கள் பிரிக்கப்பட்டதும் உண்டு. தாயகத்துச் சத்திரங்களின் நிழலும் கப்பலேறி வந்தது என்பதற்கு அதுவே சான்று. சரபோஜியின் சத்திர மணி, உண்ணாதவனை உண்ண அழைத்தது. தோட்டத்து மணியோ விடியுமுன் பெரட்டுக்கு அழைத்தது. கூரை கூலியோடு கட்டுண்டிருந்தது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வெளியேற்றம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இவ்வுண்மை கொடூரமாக வெளிப்பட்டது. பல்லாயிரவர் மீண்டும் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர்.

எனினும் அம்மக்கள் தம் அறத்தைக் கைவிடவில்லை. வேலை தேடித் தோட்டந்தோட்டமாக நடந்து வந்தவன், உறவினரைத் தேடி வந்தவன், கூத்து நடத்தவோ கதை சொல்லவோ வந்தவன் ஆகிய எவராயினும் லயத்துத் தாழ்வாரத்தில் ஒரு பாய் கிடைத்தது. ‘எந்த ஊர்?’ என்று கேட்டு, அண்டை ஊர் என்று அறிந்தால் ‘மாமா’ எனவும் ‘அண்ணே’ எனவும் உறவு பிறந்தது. ஒரே கப்பலில் வந்தோர் உடன்பிறந்தாராயினர். மாரியம்மன் கோயில் மண்டபமே தோட்டத்தின் பொதுச் சத்திரம். தைப்பூசக் காலத்தில் ஈப்போ கல்லுமலைக்கு வந்த தோட்ட மக்கள், கோயில் வெளியிலும் புந்தோங் உறவினர் வீடுகளிலும் தங்கினர். தாழ்வாரத்தில் இடம் இல்லாதபோது மனத்தில் இருந்தது.

1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் தம் துணைவியார் நாகம்மையாரோடு மலாயா வந்தார். அம்மாதம் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் சாதி ஒழிப்பையும் சமுதாயச் சீர்திருத்தத்தையும் வலியுறுத்திப் பேசினார். காசிச் சத்திர வாயிலில் தடுக்கப்பட்டவர், ஈப்போவில் தமிழர் கூட்டத்தின் விருந்தினராக வரவேற்கப்பட்டார். ஒரு கூரையின் கீழ் எல்லாரும் உண்ணல் வேண்டும் என்ற கருத்து, லயத்து வாழ்வில் கலந்து வாழத் தொடங்கியிருந்த மக்களுக்கு எளிதில் விளங்கியது. கடலும் வறுமையும் முன்பே தொடங்கி வைத்த வேலையைச் சீர்திருத்த இயக்கம் முன்னெடுத்துச் சென்றது.

அடைக்கப்பட்ட வாயில்

1942ஆம் ஆண்டில் சப்பானியர் ஆட்சி வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்குப் பேராக் தோட்டங்களிலிருந்தும் ஆள்கள் கொண்டு செல்லப்பட்டனர். மூங்கிலும் அத்தாப்பும் கொண்டு வேய்ந்த கொட்டகைகளே அவர்களுக்குத் தங்கலாயின. 1943ஆம் ஆண்டில் வாந்திபேதி அக்கொட்டகைகளைச் சுடுகாடாக்கியது. மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை, மாண்ட போர்க்கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு மிகுதி. சத்திரத்தில் இறந்த வழிப்போக்கனுக்கு ஈமக்கடன் கிடைத்தது. அப்பாதையோரத்தில் இறந்தவருள் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் கிடைக்கவில்லை.

போர் முடிந்தும் அமைதி நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் பிறந்தது. 1950ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, சிதறியிருந்த குடிகள் முள்வேலிக்குள் கொணரப்பட்டன; தோட்டத்து லயங்களும் ஒன்று சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டிலிருந்த கொரில்லாக்களைப் பட்டினியால் பணிய வைப்பதே திட்டம். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. பால்மரம் வெட்டச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் கொண்டு செல்லவும் தடை இருந்தது. வாயிலில் சோதனை நடந்தது. சில இடங்களில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்தே வழங்கினர். சமைத்த சோறு விரைவில் கெடும், காட்டுக்குப் போய்ச் சேராது என்பதே அதன் கணக்கு.

இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். இரவில் வாயிலில் வந்து நின்றவனுக்கு ஒரு கவளம் சோறிடுவது எந்த மக்களுக்குத் தலையாய அறமாயிருந்ததோ, அதே மக்களுக்கு அது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சோறிட்டால் அரசாங்கம் சிறையிடும். மறுத்தால் காட்டிலிருந்து வந்தவன் துப்பாக்கி காட்டுவான். ‘எந்த ஊர்?’ என்ற அன்பு வினா, ‘நீ யார் ஆள்?’ என்ற ஐய வினாவாக மாறிற்று. அக்காலத்தின் உயிரிழப்புகளையும் சிறைவாசங்களையும் நூல்கள் குறித்துள்ளன. அந்நியனைக் கண்டு கதவடைக்கக் கற்றுக்கொண்ட மனங்களின் இழப்பு எப்பட்டியலிலும் இல்லை.

விருந்தினரா, குடிகளா?

1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் பல ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் வெட்டிய நிலத்திலும், லயத்து அறை தமக்குச் சொந்தமன்று என்ற உண்மை அப்போதுதான் பலரைச் சுட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடமும் தங்கலாகவே இருந்தது. 1960ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தவணை முறையில் கட்டிய பங்குத் தொகையைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூரைக்கு உரியவராக வேண்டும் என்ற வேட்கையின் முதற் பெருமுயற்சி அது.

ஆனால் எல்லாரையும் அது காக்கவில்லை. 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்ற நடைமுறை நெருக்கியபோது, ஆயிரக்கணக்கானோர் மீண்டும் கப்பலேறினர். வந்த வழியே திரும்பிய அவர்களுக்கு இப்போது தாயகமும் அயலூராயிற்று. பின்னர்ப் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தரமான கூரை வேறு, சொந்தக் கூரை வேறு. ஓய்வு பெற்ற நாளில் அறையைக் காலி செய்ய வேண்டிய முதியவரின் நிலை அதனால் மட்டும் தீர்ந்துவிடவில்லை.

இன்றைய பேராக்கில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தோர், தொழிற்சாலை விடுதிகளிலும் செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளிலும் பாய் விரிக்கின்றனர். அவர்களும் மனைவி மக்களைப் பிரிந்தவர்களே. அவர்தம் கூரையும் கூலியோடு கட்டுண்டதே. ஒரு காலத்தில் ஜெரஜாக் தீவின் கொட்டகையில் முதல் இரவைக் கழித்தவர்களின் பேரர்களுக்கு அவர்களுடைய நிலை அயலானதன்று. பழைய வழிப்போக்கன் புதிய வழிப்போக்கனை எவ்வாறு நோக்குகிறான் என்பதே, ஒரு சமுதாயம் தன் வரலாற்றை நினைவில் வைத்திருக்கிறதா என்பதற்கு அளவுகோல்.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று கல்லுமலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்று ஈப்போச் சாலையோரத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. மோர்க் குவளையை நீட்டும் கை, வாங்குபவன் எந்த இனத்தான், எந்த நாட்டான் என்று கேட்பதில்லை. அவ்வொரு நாளின் வழக்கம் எல்லா நாளுக்கும் உரிய ஒழுக்கமாகுமாயின், சரபோஜி மன்னர் இழக்க அஞ்சிய அந்த நள்ளிரவு மணி பேராக்கிலும் ஒலிக்கும்.